பன்னிரண்டு ஓம்

கிண்ணியா லாபிர் பத்தொன்பது வருடம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணாக உத்தியோகம் பார்த்தவர். பொய்யில்லை, சத்தியமாகத்தான். கவுன் போடவில்லை, மீசையை மழிக்கவில்லை. வெற்றிலைக் காவி ஏறிய பல்லும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலரை வரைக்கும் திருகோணமலைத் துறைமுகத்தடியில் அவர்தான் மேபல். இது தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், அவருடைய மனைவி நபீஸா, மாமனார் அலியார். வேறு ஒரு குருவிக்கும் தெரியாது.

மேபல் என்பது ஒரு கணக்குப் பொறி. இப்போது கொம்பியூட்டர் என்கிறார்களே, அதற்கு மூத்த அக்கா. இங்கிலாந்தில் யாரோ மொத்தமாக மூன்று செய்தார்களாம். ஒன்று செய்த இடத்திலேயே எரிந்தது. இன்னொன்று கப்பலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கடலில் விழுந்தது. மிஞ்சியது நம்முடைய தலையில் வந்து விழுந்தது. இரண்டு அலுமாரியை ஒட்டி வைத்த உயரம், அகலம். உள்ளே, பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வு முந்நூறு. பக்கத்தில் ஒரு தட்டச்சு. நாளைக்கு எத்தனை மணிக்குக் கடல்நீர் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று கணக்குப் பார்த்துத் தானே தட்டித் தரும். பெரிய கப்பல்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை, துறைமுகத்தின் ஆழம் அப்படி. தம்பலகாமப் பக்கமிருந்து நெல்லும் மணலும் ஏற்றிவரும் தட்டைப் படகுகளுக்குத்தான் தேவை. கிண்ணியாவில் களப்பு, அதாவது உப்பங்கழி, கடலோடு சேரும் வாயில் மணல் திட்டு உண்டு. நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் அவற்றை இழுத்து வரவேண்டும்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது, காகிதங்களைக் கடற்கரையில் குவித்துக் கொளுத்தினார்கள். மேபலைப் பற்றிய புத்தகம் இரண்டு பாகமும் அதோடு சரி. தப்பியது பதினான்கு தாள். அதில் ஆறு, பெட்டியை ஆணி கழற்றித் திறப்பது எப்படி என்பது. ஐந்து, எந்தப் பக்கம் பிடித்துத் தூக்கக்கூடாது என்பது. மிச்சம் மூன்றில் ஒரு படம் இருந்தது. அதன் நட்ட நடுவில் எவனோ தேநீர்க் கோப்பையை வைத்து ஒரு வட்டம் போட்டிருந்தான். விஷயம் முழுக்க அந்த வட்டத்துக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

லாபிர் பத்தொன்பது வயதில் தூசி தட்டுகிறவனாக உள்ளே போனவர். தூசி தட்டித் தட்டி, எந்த வால்வு சூடேறினால் மேபல் என்ன சொல்லுவாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாயிற்று. வெள்ளைக்காரன் போனபிறகு அவர்தான் இயந்திரப் பொறுப்பாளர். கதவில் மண்டையோடு கீறி ‘அபாயம்’ என்று எழுதிய அறைக்குள் போகும் துணிச்சல் வேறு ஒருவருக்கும் இருக்கவில்லை.

அறுபதாம் ஆண்டு அவருக்குக் குறிஞ்சாக்கேணியில் கலியாணம் பேசினார்கள். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். பெண்ணின் வாப்பா அலியார் கிண்ணியாத் துறையில் பாதை ஓட்டுகிறவர். பாதை என்றால் ரோட்டு அல்ல. ஆட்களையும் மாட்டையும் காரையும் ஏற்றி அக்கரைக்கு இழுக்கும் தட்டை மிதவையை அங்கே அப்படித்தான் சொல்லுவார்கள். அந்த மனிதர் மகளுக்கென்று பலகை பலகையாகச் சேர்த்து ஒரு வீடு கட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளையிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“மகன், எனக்கு இருக்கிறது இந்த ஒரு புள்ள. ஒவ்வொரு நாளும் பொழுதுபட முந்தி நீங்க என்ட பாதையில ஏறி வீட்டுக்கு வரணும். வருவீங்களா?”

“ஓம்,” என்றார் லாபிர். ஆமாம் என்பதற்கு அங்கே ஓம் என்பார்கள்.

அந்த ஓம் சொல்லி ஒரு வருடம் ஆகவில்லை, மேபலின் மேல் ஒரு பல்லி விழுந்தது. தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் எல்லாம் போட்டிருக்கிறது. வால்வுக் கம்பியில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. ‘படீர்’ என்றது. நீலப் புகை வந்தது. பல்லியும் போயிற்று, மேபலும் போய்விட்டாள்.

லாபிர் வெளியே ஓடிப்போய், யாருக்காவது சத்தம் கேட்டதா என்று பார்த்தார். ஏன் தெரியுமா? முந்தின மாதம்தான் பாரந்தூக்கி ஒன்று பழுதாகி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கலீலுர் றஹ்மானை ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், கொழும்புத் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். இயந்திரம் இல்லாத பொறுப்பாளருக்குத் திருகோணமலையில் இடமில்லை என்பது சட்டம். கொழும்பென்றால் மாதம் ஒருமுறைதான் வீடு. நபீஸா அந்த வீட்டை விட்டு வரமாட்டாள்; வரச்சொல்லிக் கேட்க இவருக்கும் வாயில்லை. அலியாரின் முகத்தில் எப்படி முழிப்பது?

அன்று அவர் மேபலின் செத்த உடம்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் குந்தியிருந்தார். பிறகு எழும்பினார். கதவைப் பூட்டினார். தட்டச்சுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, தானே தட்டினார்.

எப்படிக் கணக்குப் பார்த்தார் என்கிறீர்களா? கடல்நீர் நிலவுக்குப் பின்னால் போகிறது. முஸ்லிம் வீட்டுக் கலண்டரில் பிறை ஒன்று, பிறை இரண்டு என்று அச்சடித்தே கிடக்கிறது. மேபல் நாலு வருடம் தட்டிய தாள்களை எடுத்து, எந்தப் பிறைக்கு எத்தனை மணி என்று அடுக்கிப் பார்த்தார். மாமனாரின் பாதைத் துறையில் ஒரு கம்பத்தில் நீர்மட்டம் வெட்டியிருந்தது. போகும்போதும் வரும்போதும் அதையும் பார்த்துக்கொண்டார். மேபலின் முந்நூறு வால்வும் செய்த வேலையை ஒரு கலண்டரும் ஒரு கம்பமும் செய்தன. உறுமல் சத்தத்துக்கு ஒரு பழைய மேசை விசிறி. கண் சிமிட்டும் விளக்குகளுக்கு ஒரு பற்றரி. வெளியே நின்று கேட்டால் மேபல் முன்னையைவிடச் சுகமாக இருந்தாள்.

முதல் கிழமையே மாட்டுப்பட இருந்தார். இழுவைப் படகின் தண்டையல் அருளம்பலம் அலுவலகத்துக்குள் பாய்ந்து வந்தார். தண்டையல் என்றால் படகின் தலைவர். இவரோ தொண்டையிலும் தலைவர்.

“டேய் லாபிர், உன்ர மேபலுக்கு விசரோ? இண்டைக்கு என்ர படகு மணலைத் தேய்ச்சுக்கொண்டு வந்தது!”

“நேரம் சரியாத்தானே அண்ண போட்டது?”

“சரியாப் போட்டா எப்பிடியடா சரிவரும்? அவள் எப்பவும் பன்னிரண்டு நிமிசம் பிந்தித்தான் சொல்லுவாள். நான் அதைக் கழிச்சுப்போட்டுத்தான் வெளிக்கிடுறனான்!”

மேபலுக்கு அப்படி ஒரு கெட்ட பழக்கம் இருந்தது லாபிருக்கு மறந்தே போய்விட்டது. தாள்களில் இருந்த பிழையைக் கம்பத்தைப் பார்த்து அவரே திருத்திவிட்டார், மனுசன். அடுத்த நாளிலிருந்து சரியான நேரத்தைக் கண்டுபிடித்து, அதோடு பன்னிரண்டு நிமிடம் பிழையைக் கூட்டித் தட்டினார். அருளம்பலம் பன்னிரண்டைக் கழித்து, மணல் தொடாமல் போய்வந்தார். “இப்பதான் பெட்டைக்குச் சுகம் வந்திருக்கு” என்று ஊரெல்லாம் சொன்னார்.

ஒரு நாள் மறதியில் பன்னிரண்டை இரண்டு தரம் கூட்டிவிட்டார். அதன் பிறகு ஒரு கொப்பி போட்டார். பன்னிரண்டு கூட்டியாயிற்றா? ஓம். அதைத் திகதிக்கு எதிரே சுருக்கமாக எழுதுவார்: ‘12 ஓம்’. பத்தொன்பது வருடம், எட்டுக் கொப்பி, ஒவ்வொரு வரியிலும் ‘12 ஓம்’.

காலம் போயிற்று. இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள். ஒவ்வொரு நாளும் பொழுதுபட முந்தி லாபிர் பாதையில் ஏறினார். அலியார் கிழவராகியும் பாதையை விடவில்லை. பம்மாத்து ஒழுங்காக நடந்தது.

எண்பதாம் ஆண்டு ஐப்பசியில் யோகலிங்கம் வந்தார். கொழும்பில் கொம்பியூட்டர் படித்த எஞ்சினியர், யாழ்ப்பாணத்து ஆள், வயது முப்பது இருக்கும். கையில் ஒரு தட்டச்சளவு பெட்டி. அதை ஒரு டிவியில் கம்பியால் கொழுவினார். துறைமுக மேலதிகாரி சோமசேகரம் லாபிரைக் கூப்பிட்டு, பெரிய நன்மை செய்கிறவர்போலச் சொன்னார்:

“லாபிர், உங்கட மேபலைப்போல உலகத்தில வேற இல்லையாம். இந்தப் பெட்டிக்குள்ள ஒரு மேபலைச் செய்யப்போறார். அவள் நினைக்கிற மாதிரியே இதுவும் நினைக்கும். அது சரிவந்தா மேபலைக் கழிச்சுவிடலாம்.”

“கழிச்சா... நான் சேர்?”

“உங்களுக்கென்ன, கொழும்பில நல்ல இடம் இருக்கு.”

“சரிவராட்டி?”

“சரிவராட்டி மேபலைத் திறந்து பாக்கிறதுதான்.”

பாருங்கள் கதையை! சரிவந்தால் கொழும்பு. சரிவராவிட்டால் அலுமாரியைத் திறந்து, மாட்டுப்பட்டு, அவமானத்தோடு கொழும்பு. லாபிர் அன்று வெற்றிலையை மென்றாரா விழுங்கினாரா என்று அவருக்கே தெரியாது.

யோகலிங்கம் பதினான்கு தாளையும் படித்தார். பெட்டியை எப்படித் தூக்கக்கூடாது என்பதைத் தெளிவாக விளங்கிக்கொண்டார். கோப்பை வட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த கொப்பிகளைக் கண்டார். லாபிர் ஒளிக்க முந்தியே எட்டும் அவர் மடியில்.

“லாபிர், இந்தப் பன்னிரண்டு ஓம்... ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறியள். நீங்களே அளந்தனீங்களோ?”

லாபிருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஆமாம் என்கிற ஓம் ஒன்று. கோயில் ஓம் ஒன்று. மின்சாரத் தடையை அளக்கிற அலகுக்கும் ஓம் என்றுதான் பேர். எஞ்சினியர் மூன்றாவது ஓமில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். அது விளங்கியதும் லாபிரும் அதே ஓமில் ஏறிக்கொண்டார்.

“ஓம், சேர்.”

“பன்னிரண்டு ஓம்?”

“ஓம்.”

“பத்தொன்பது வருசமா மாறவே இல்லையோ?”

“மாறவிடல்ல, சேர்.”

யோகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு கடமையுள்ள மனுசனைத் தான் கண்டதில்லை என்று சோமசேகரத்திடம் போய்ச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு ஓம் தடைதான் கோப்பை வட்டத்துக்குள் மறைந்துபோன உறுப்பு, மேபல் பிந்திச் சொல்வதற்கும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, தன் பெட்டிக்குள் அதையும் எழுதினார். மேபலுக்கு இருந்த மற்ற வினோதங்களையும் அவள் தட்டிய பழைய தாள்களிலிருந்து பொறுக்கினார். வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை அவள் ஒரு எழுத்தும் தட்டுவதில்லை. வருடத்தில் ஒரு மாதம் பின்னேரமானால் எழுத்து மங்கும், தட்டும் வேகமும் குறையும். அந்த மாதம் முந்நூற்று ஐம்பத்துநாலு நாளுக்கு ஒரு தரம் திரும்பி வருகிறது.

“முந்நூற்று ஐம்பத்துநாலு! உள்ளுக்குள்ள நிலவைக் கணக்கெடுக்கிற சக்கரம் ஏதோ இருக்கு. என்ன மூளையப்பா!” என்று அவர் வியந்தார்.

ரமழான் மாதம் நோன்பு பிடித்தால் பின்னேரம் கை சோர்ந்துதான் போகும். லாபிர் அதைச் சொல்லாமல் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

கார்த்திகையில் பரீட்சை வைத்தார்கள். ஏழு நாள், மேபலின் தாளும் பெட்டியின் தாளும் பக்கத்தில் பக்கத்தில். திங்கள் ஒத்தது. செவ்வாய், புதன், வியாழன், நிமிடத்துக்கு நிமிடம் ஒத்தது. வெள்ளிக்கிழமை லாபிர் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து பார்க்கிறார், பெட்டியும் பன்னிரண்டு மணிக்கே வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. சைவப்பிள்ளை செய்த பெட்டி ஜும்ஆவுக்குப் போயிருந்தது! சிரிப்பு ஒரு பக்கம் முட்டியது, அழுகை ஒரு பக்கம் முட்டியது. தன்னைத் தானே அந்தப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்துவிட்டு, இப்போது தான் கொழும்புக்குப் போகவேண்டும்.

அன்று வீட்டில் நபீஸா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்தாள்.

“இஞ்ச பாருங்க, ஒரு கணக்கை மாத்திப் பிழையா அடிச்சா அந்தப் பெட்டி தோத்துப் போகுமில்லையா?”

“அலுமாரியத் திறப்பாங்க புள்ள. அதோட, பிழையா அடிச்சா அருளம்பலண்ண மணல்ல ஏறுவார். மேபலப் பத்தி எவ்வளவும் பேய்க்காட்டலாம். தண்ணியப் பத்திப் பொய் சொல்ல ஏலாது.”

நபீஸா எழும்பினாள். அவருடைய உடுப்புகளில் நாலு சேட்டை எடுத்து மடித்து, பயணப் பைக்குள் வைத்தாள். லாபிர் சோற்றைத் தள்ளி வைத்தார்.

சனிக்கிழமை விடிய நல்ல மழை. பாதையில் ஏறினபோது அலியார் தண்ணீரைக் கையால் அள்ளிக் காட்டினார். செம்மண் நிறம்.

“கந்தளாய்க் குளம் நிரம்பி வான் பாயுது, மகன். அவ்வளவு தண்ணியும் தம்பலகாமத்தால களப்புக்குள்ள இறங்கி, இந்த வாயாலதான் கடலுக்குப் போகணும். இண்டைக்குக் கணக்கு நேரத்துக்குப் படகக் கொண்டுவந்தா அள்ளிக்கிட்டுப் போயிடும். ஒண்டே கால் மணித்தியாலம் பிந்தித்தான் இழுப்பு அடங்கும்.”

எப்போதும் மேபல் மறுநாளுக்குத்தான் தட்டுவாள். சனிக்கிழமைக் கணக்கு வெள்ளியே தட்டியாயிற்று: பத்து மணி இருபது நிமிடம். பெட்டியும் அதையேதான் சொல்லியிருந்தது. லாபிர் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். சும்மா இருந்தால் ஆறாம் நாளும் ஒத்துப்போகும், கொழும்பு, ஆனால் மானம் மிஞ்சும். புதுத் தாள் தட்டினால் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். அருளம்பலத்தின் படகில் ஆறு பேர். லாபிர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. விசிறியைப் போட்டார், தட்டினார்: ‘திருத்தம். பதினொன்று முப்பத்தைந்து.’ பன்னிரண்டு நிமிடத்தையும் மறக்காமல் சேர்த்துத்தான்.

வெளியே அமளி. சோமசேகரம் இரண்டு தாளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யோகலிங்கம், “மேபலுக்குப் பழுது வந்திட்டுது, பெட்டிதான் சரி” என்றார். அருளம்பலம் வயர்லெஸில் கத்தியது அறை முழுக்கக் கேட்டது:

“உந்தப் பெட்டியை எனக்கு ஆரெண்டு தெரியாது! மேபல் சொன்னா நான் நிப்பன்!”

நின்றார். பன்னிரண்டைக் கழித்துப் படகு வந்திருக்க வேண்டிய பத்து எட்டுக்கு, களப்பு வாயால் ஒரு முழு மருதமரம், வேரோடு, குதிரை வேகத்தில் கடலுக்குப் போனது. படகில் இருந்த ஆறு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு பீடி குடித்தார்கள். பதினொன்று இருபதுக்கு இழுப்பு அடங்கியது. படகு மணல் தொடாமல் வந்து சேர்ந்தது. சோமசேகரம் கைதட்டினார். “மேபல் எண்டா மேபல்தான்!”

யோகலிங்கம் மட்டும் கைதட்டவில்லை. கந்தளாயில் மழை பெய்தது ஒரு அலுமாரிக்கு எப்படித் தெரியும்? அவர் நேரே மண்டையோட்டுக் கதவுக்குப் போய்த் தட்டினார். லாபிர் திறந்தார். யோகலிங்கம் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, மேபலின் அலுமாரியைத் திறந்தார்.

உள்ளே ஒரு தொழுகைப் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஒரு சாப்பாட்டுக் கரியர். மேசை விசிறி. பிறை போட்ட கலண்டர். அடியில், காய்ந்து சருகாகிப்போன ஒரு பல்லி.

யோகலிங்கம் பாயைப் பார்த்தார், வெள்ளிக்கிழமை விளங்கியது. கலண்டரைப் பார்த்தார், முந்நூற்று ஐம்பத்துநாலு விளங்கியது. திரும்பி லாபிரைப் பார்த்தார்.

“நீங்கள்தானோ மேபல்?”

“ஓம்.”

அந்த ஓம் யோகலிங்கத்தின் காதுக்குள் போய், எட்டுக் கொப்பியையும் ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்க வேண்டும். மெல்லக் கேட்டார்:

“எத்தனை ஓம்?”

“பன்னிரண்டு, சேர்.”

அவ்வளவுதான். எஞ்சினியர் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பல்லி, கொழும்பு, நபீஸா, அலியாருக்குச் சொன்ன வாக்கு என்று லாபிர் எல்லாவற்றையும் ஒப்புவித்து முடித்தபோது அவருடைய சிரிப்பு நின்றிருந்தது.

“ஆறு பேரை இண்டைக்குக் காப்பாத்தினனீங்கள். மாட்டுப்படுவன் எண்டு தெரிஞ்சுமோ?”

“தெரியும் சேர். தண்ணியில பொய் சொல்லல்ல.”

திங்கட்கிழமை யோகலிங்கத்தின் அறிக்கை சோமசேகரத்தின் மேசையில் இருந்தது. மேபலைப் பிரதி செய்ய இயலாது, முயற்சி தோல்வி. அதில் பன்னிரண்டு ஓம் உறுப்பு ஒன்று உண்டு. உலகத்தில் அதற்கு இணையில்லை. திருகோணமலையில் மட்டுமே வேலை செய்யும். கொழும்புக்குக் கொண்டுபோனால் பழுதாகிவிடும். எக்காரணம் கொண்டும் அதைத் தொடவேண்டாம்.

சோமசேகரம் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. அன்றே ஒரு பித்தளைத் தகடு அடிப்பித்து, லாபிரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். “அந்த உறுப்பு எங்க இருக்கெண்டு உங்களுக்குத்தானே தெரியும். வடிவா ஒட்டிவிடுங்கோ.”

லாபிர் பின்னேரம் பாதையில் ஏறினார். அலியார் கயிற்றைப் பிடித்தபடி அவருடைய முகத்தைப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்கப் பயம். லாபிர் தகட்டை நீட்டினார். கிழவருக்கு வாசிக்கத் தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டே அக்கரை வரை இழுத்தார். வீட்டுக்கு வந்ததும் நபீஸாதான் வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள்: ‘இடம் மாற்றக் கூடாது.’

“இத எங்க ஒட்டச் சொன்னாங்க?”

“பன்னிரண்டு ஓம் எங்க இருக்கோ அங்க,” என்றார் லாபிர். அவள் சிரிக்கவில்லை. தகட்டை அவருடைய சேட்டுப் பைக்குள், நெஞ்சுப் பக்கமாக வைத்து, ஊசி நூல் எடுத்துப் பையின் வாயை இறுகத் தைத்தாள். பிறகு பயணப் பையைத் திறந்து, மடித்து வைத்த நாலு சேட்டையும் எடுத்து அலுமாரியில் அடுக்கினாள்.